அய்யாவின் முகம்

சின்னராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலையை முடித்தால் உடனே தலையைத் திருப்பித் தகப்பன் முகத்தைப் பார்ப்பான். ஒரு சால் உழுது மாட்டைத் திருப்பும்போது பார்ப்பான். வைக்கோல் போரின் உச்சியில் கடைசிக் கட்டைப் போட்டுவிட்டு அங்கே நின்றபடியே பார்ப்பான். முப்பத்தைந்து வயதாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். காதோரம் நரையும் வந்துவிட்டது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

பார்த்து என்னத்தைக் கண்டான் என்றால் ஒன்றும் இல்லை. சால் நேராக இருந்தால் பிலவேந்திரன் பேச மாட்டார். கோணினால் பேசுவார். சின்ன வயதில் வேதக்கோயிலில் முதல் நற்கருணையான புது நன்மை வாங்குவதற்கு முன்னால் சாமியார் வந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஞானோபதேசம் கேட்டார். மற்றப் பிள்ளைகள் திக்கித் திணற, இவன் ஒருவன்தான் ஒரு சொல் தப்பாமல் ஒப்பித்தான். ஒப்பித்துவிட்டுத் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். "முழங்கால் போட்டது கோணல்" என்றார் அவர். அதோடு சரி.

கோயிலிலும் அப்படித்தான். செபமாலை சொல்லும்போது வாய் சர்வேசுரனைக் கும்பிடும், ஒரு கண் தகப்பன் இருக்கிற பக்கம் ஓடும். அவர் பார்க்கிறார் என்றால் இவன் முதுகு நிமிரும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன், குடிக்காதவன், கை சுத்தமானவன் என்று ஊரில் அவனுக்குப் பேர். ஊர் சொல்கிற பேரை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆனால் இது பொய்யும் இல்லை. யாருக்காக அப்படி இருந்தான் என்பதைத்தான் அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஒரு கிணறு.

சாக்கோட்டைப் பக்கத்து ஊர் அது. கண்மாய்க்குக் கீழே பிலவேந்திரன் நிலமும் வீரையா நிலமும் சேர்கிற இடத்தில் அந்தக் கிணறு இருந்தது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வாக்கில் மழை இல்லாமல் ஊரே காய்ந்து கிடந்தபோது, இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். வீரையா குன்றக்குடி முருகனுக்குக் காவடி எடுக்கிறவர், பிலவேந்திரன் வேதக்காரர். கிணறு வெட்டுவதற்கு அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை. பாறையை உடைத்தது இவர்கள் இருவரும், மண் சுமந்தது பத்தொன்பது வயதுச் சின்னராஜ். கிணற்றின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கமலை கட்டி மாட்டை வைத்து இறைத்தார்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. சேர்ந்து கிணறு வெட்டுகிற இரண்டு சம்சாரிகள் பத்திர ஆபீசுக்கா போவார்கள்? ஆனால் குழி விழுந்த இடம் பிலவேந்திரன் பட்டாவில் இருந்தது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வீரையா மஞ்சள்காமாலையில் செத்துப் போனார். பெண்சாதி அழகி சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே கமலையை ஓட்டி மிளகாய் போட்டாள். அறுபத்தெட்டில் மறுபடியும் மழை ஏமாற்றியது. பிலவேந்திரன் காரைக்குடியில் ஆயில் இன்ஜின் வாங்கிக் கிணற்றில் இறக்கினார். இன்ஜினுக்கு ஏது மனசாட்சி? அது பாட்டுக்கு உறிஞ்சியது. அழகியின் கமலைக் கூனை கிணற்றுக்குள் போய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு மேலே வந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் இன்ஜினை நிறுத்தும்படி அவள் கேட்டாள். உன் புருஷன் எனக்குக் கூலிக்கு வெட்டினவன், பாதி எங்கிருந்து வந்தது என்றார் பிலவேந்திரன். அவள் நேரே முத்துராமன் அம்பலத்திடம் போனாள்.

பிலவேந்திரனைச் சும்மா ஏசிவிடுவதும் நியாயம் இல்லை. சின்ன வயதில் பஞ்சத்தைப் பார்த்தவர். கஞ்சிக்கு வழியில்லாமல் செத்த தங்கச்சியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தவர். தண்ணீர் என்று வந்துவிட்டால் மற்ற நியாயமெல்லாம் அவருக்கு அப்புறம்தான். 'கூலிக்கு வெட்டினவன்' என்ற சொல்லை முதல் தடவை சொன்னபோது அது பொய் என்று அவருக்கே தெரிந்திருக்கும். நாலைந்து பேரிடம் சொன்ன பிறகு அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். மனுஷன் அப்படித்தான்.

முத்துராமன் அம்பலம் ஊர்ப் பெரிய ஆள். யார் பக்கமும் சாயாமல் இருந்தே நல்ல பேர் வாங்கியவர். ஊரைக் கூட்டி இரண்டு பக்கமும் கேட்டார். பட்டா என் பேரில் இருக்கிறது என்றார் பிலவேந்திரன். இரண்டாவது கமலை எதற்கு என்று கேட்டதற்கு, மலேயாவுக்குப் போன மூத்தவன் சூசைக்காகக் கட்டியது என்றார். சூசை போய் வருஷம் பல ஆகிறது, திரும்பி வரவில்லை. வராதவன் பேரைச் சொல்வது சுலபம். குன்றக்குடியில் போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிக்கொள்ளலாமா என்று அம்பலம் இழுத்தார். வேதக்காரர் ஒருவர் முருகன் முன்னால் சொல்கிற சத்தியம் எப்படிச் செல்லும் என்று நாலு பேர் கேட்டார்கள்.

அழகி எழுந்து நின்றாள்.

"கோர்ட்டு கச்சேரி எனக்கு வேணாம். அன்னைக்குக் கெணத்துக்குள்ள மூணு பேருதான் நின்னாக. ஒருத்தரு போய்ச் சேந்துட்டாரு. பெரியவுகளுக்குக் கெணறு வேணும், அவுக சொல்ல வேணாம். சின்னராசுத் தம்பி சொல்லட்டும். அவுக கோயில்ல, மிக்கேல் முன்னால, மெழுகுதிரிய அணைச்சு, வீரையா கூலிக்குத்தான் வெட்டுனாருன்னு சொல்லட்டும். நான் கமலையக் கழட்டிட்டு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

அந்த ஊர்க் கோயிலில் வானதூதரான மிக்கேல் சம்மனசின் சுரூபம் ஒன்று உண்டு. ஒரு கையில் வாள், ஒரு கையில் தராசு. வேதக்காரர், சைவக்காரர் எல்லாருக்கும் அவர் மேல் பயம். தலை முழுகி ஈர வேட்டியோடு வந்து, அவர் காலடியில் எரிகிற மெழுகுதிரியைக் கையால் அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு முடிந்தது. பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் அந்தத் திரி மாதிரி அணைந்து போகும் என்பது ஊர் நம்பிக்கை. சாமியார்களுக்கு இது பிடிக்காது. அதனால் சாமியார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கித்தான் நடக்கும்.

பிலவேந்திரன் யோசிக்கவே இல்லை. "சொல்லுவான்" என்றார்.

ஆக, இரண்டு பேரும் ஒரே ஆளை நம்பித்தான் இறங்கினார்கள். அவன் பொய் சொல்ல மாட்டான் என்று அவள் நம்பினாள். என் பேச்சைத் தட்ட மாட்டான் என்று அவர் நம்பினார். இரண்டுமே அன்று வரைக்கும் உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாமியார் பூசை முடித்துப் போன பிறகு என்று முடிவாயிற்று.

அந்த நாட்கள் சின்னராஜின் ஆயுசில் இனிப்பான நாட்கள். முதல் நாளே தகப்பன் வாயில் 'டேய்' போய் 'ஏப்பா' வந்தது. திங்கள்கிழமை காரைக்குடிச் சந்தைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போனார். ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, "எம் மகனுக்கு. கரை நல்லாப் பாத்து எடுங்க" என்றார். கடைக்காரர் நாலைந்து வேட்டியைப் பிரித்துப் போட்டார். எந்த வேட்டி எடுத்தார்கள் என்பதே சின்னராஜுக்குக் கவனம் இல்லை. 'எம் மகன்' என்ற சொல்லையே அவன் காது திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் தன் இலையில் இருந்த கறித் துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தார். அவன் அதைக் கடைசி வரைக்கும் தின்னாமல் ஓரமாக ஒதுக்கி வைத்து, கடைசியில் தின்றான்.

பொய் சொல்லு என்று ஒரு தடவைகூட அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் வைத்து ஒன்று சொன்னார்.

"நீ அப்பச் சின்னப் பய. மண்ணள்ளிக்கிட்டுத் திரிஞ்ச. பெரியவுக என்ன பேசிக்கிட்டோம்னு ஒனக்கு எங்க தெரியும்."

அவனுக்குத் தெரியும். தெரிந்ததை மறந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தான். முப்பது வருஷமாக ஏங்கிய முகம் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறது. அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். வயது கம்மி. பூசை தமிழுக்கு மாறி, சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பி நின்று பூசை வைக்க ஆரம்பித்திருந்த காலம். அதையே பிலவேந்திரன் நம்பவில்லை. முதுகைக் காட்டி நின்றவரைக்கும் இவர் சாமியைப் பார்க்கிறார் என்று இருந்தோம், இப்போது யாரைப் பார்க்கிறார் என்று கேட்டவர் அவர். ஆனால் கோயிலுக்கு ஓடு மாற்றியது அவர் செலவு. சாமியாருக்கும் அது தெரியும்.

சின்னராஜ் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். அங்கே பேசியது வெளியே எப்படி வந்தது என்று கேட்டால், அவனே பெண்சாதியிடம் சொன்னதுதான். பொய்ச் சத்தியம் சாவான பாவம் என்றார் சாமியார். பிறகு கொஞ்சம் யோசித்து, மெழுகுதிரி அணைக்கிறதே அஞ்ஞானப் பழக்கம், நீ சத்தியமே பண்ணாதே, சாமியார் கூடாது என்றுவிட்டார் என்று சொல்லிவிடு, உன் தகப்பன் மனசும் நோகாது என்றார். அபராதமாக ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார்.

அவனுக்குத் தலையில் இருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து பெண்சாதி ஞானபூரணியிடம் சொன்னான். அவள் சுளகில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நீங்க சத்தியம் பண்ணலைன்னா வழக்கு என்னாகும்?"

"கோர்ட்டுக்குப் போகும்."

"பட்டா யாரு பேருல இருக்கு?"

"அய்யா பேருலதான்."

"அப்ப நீங்க வாயத் தொறக்காட்டியும் மாமாதான செயிக்கிறாக. சாமியாரு ஒங்களுக்கு ஒரு சந்தக் காட்டி விட்டுட்டாரு. அழகியக்கா எந்தச் சந்துல போவாக?"

சின்னராஜுக்குக் கோபம் வந்தது. தாய் தகப்பனுக்கு அடங்கி நட என்பது பத்துக் கற்பனையில் நாலாவது. அதை அவளுக்கு எடுத்துச் சொன்னான். சாமி பேரை வைத்துப் பொய் சொல்லாதே என்பது இரண்டாவது என்று அவளுக்கும் தெரியும்.

"ரெண்டத் தாண்டித்தான நாலுக்குப் போகணும்" என்றாள்.

அவன் எழுந்தான். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீக. இம்புட்டு நாளும் நீங்க நல்லவரா இருந்தது சாமிக்காகவா, மாமாவுக்காகவா?"

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. வீடு மாமனாருடையது. போ என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதையும் சொன்னாள். போக நேர்ந்தால் போகிறேன், பொய்யை வைத்துக்கொண்டு என் பிள்ளைகளோடு அந்தச் சுரூபத்து முன்னால் நிற்க மாட்டேன் என்றாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தான்.

வெயில் இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து சாமியார் சொன்ன அபராதத்தைச் சொல்ல ஆரம்பித்தான். பிதாவே என்று வாய் சொன்னதும் உள்ளுக்குள் வந்து நின்றது தன் தகப்பன் முகம்தான். முழங்கால் கோணல் என்று சொன்ன முகம். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் அதே முகம். அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் அவன் கும்பிட்டது அந்த முகத்தைத்தான். வானத்துக்கு மேலே உட்கார்ந்து, சால் கோணியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிலவேந்திரனை. சர்வேசுரன் எப்படி இருப்பார் என்று அவன் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்கத் தோன்றவும் இல்லை. அவர் எங்கே ஓடிவிடப் போகிறார், அய்யா முகம்தானே கிடைக்காத பொருள் என்று இருந்துவிட்டான்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். கீழே கொஞ்சம்தான் தண்ணீர் கிடந்தது. தண்ணீர் கண்ட நாள் ஞாபகத்துக்கு வந்தது. பாறை இடுக்கில் பொசுபொசுவென்று கசிய ஆரம்பித்ததும், பிலவேந்திரன் சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினார். முதல் கைத் தண்ணீரைத் தான் குடிக்கவில்லை. வீரையா வாயில் ஊற்றினார். "பாதி ஒனக்கு, பாதி எனக்குடா தம்பி" என்று சொல்லி, சேறு பூசின முகத்தோடு சிரித்தார். அப்படி அவர் சிரித்ததை அதற்கு முன்னாலும் சின்னராஜ் பார்த்தது இல்லை, பின்னாலும் பார்த்தது இல்லை. மண் கூடையோடு வாயைப் பிளந்து நின்றான்.

அந்த முகம் நல்ல முகம். சந்தையில் சிரித்த இந்த முகம் அது இல்லை.

மிச்சமிருந்த மந்திரத்தை அவன் மெதுவாகச் சொல்லி முடித்தான். இந்தத் தடவை எந்த முகமும் வரவில்லை. கிணற்று மேட்டில் யாரோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி மட்டும் இருந்தது. அது அவன் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம். அவனைக் கேட்டால் அப்படி இல்லை என்பான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும், கோயில்பிள்ளை மறுபடியும் கதவைத் திறந்தார். முத்துராமன் அம்பலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழகி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். பிலவேந்திரன் முன்னால், சுரூபத்துக்குப் பக்கத்தில். வெள்ளைச் சட்டை, மடித்துப் போட்ட துண்டு.

சின்னராஜ் கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் முழுகிவிட்டு, புது வேட்டி காலில் ஒட்ட வந்தான். மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. முழங்கால் போட்டான். போட்டதும் பழக்க தோஷத்தில் தலை திரும்பியது.

தகப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்துத்தான். தைரியமாகச் சொல்லு என்கிற மாதிரி தலையை ஒரு தடவை ஆட்டினார். ஒரு மகன் கேட்கிறதெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. சாமியார் காட்டிய சந்து ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டால்கூடப் போதும், அந்தச் சிரிப்பு போகாது.

அவன் எழுந்திருக்கவில்லை. மெழுகுதிரியையும் தொடவில்லை.

"அய்யா, தண்ணி வந்த அன்னைக்கு மொதக் கையச் சித்தப்பா வாயில ஊத்துனது நீங்கதான்" என்றான். "பாதி ஒனக்குன்னு சொன்னீக. நான் மண்ணுக் கூடையோட நின்னு பாத்தேன். கெணத்துல பாதி வீரையா சித்தப்பாவோடது. கூலி ஒண்ணும் கெடையாது."

அம்பலம் தொண்டையைக் கனைத்து, திரியை அணையப்பா, அணைத்தால்தானே சத்தியம் என்றார்.

"அணைக்க மாட்டேங்க. அது எரியட்டும். நான் மிக்கேலுக்குப் பயந்து சொல்லல."

யாருக்குப் பயந்து சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. திரியை அணைக்காத சத்தியம் செல்லுமா செல்லாதா என்று வாசலில் முணுமுணுத்தார்கள். அம்பலம் விவரமான ஆள். பொய் சொல்கிறவன் தனக்கு லாபமாகத்தான் சொல்லுவான், பெற்ற தகப்பனை எதிர்த்துக்கொண்டு எவனாவது பொய் சொல்லுவானா என்று கேட்டு வாயை அடைத்தார். ஒருநாள் இன்ஜின், ஒருநாள் கமலை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

பிலவேந்திரன் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. மறந்து போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகுதான் போயிற்று. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மகனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த வேட்டி நான் எடுத்துக் கொடுத்தது" என்றார்.

சின்னராஜ் எழுந்து வெளியே வந்தான். கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் ஈர வேட்டியை அவிழ்த்தான். கோவணத்தோடு நின்று தண்ணீரைப் பிழிந்து, கரை வெளியே தெரிகிற மாதிரி ஒழுங்காக மடித்து, இரண்டு கையாலும் தகப்பனிடம் நீட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை. பிலவேந்திரன் அதை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் ஈரம் படுவதைக்கூடப் பார்க்காமல் கக்கத்தில் இடுக்கியபடி நடந்து போனார். ஞானபூரணி மாற்றிக் கட்டுவதற்கு என்று அவனுடைய பழைய வேட்டியைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். அவன் கட்டிக்கொண்டான்.

அவர்களை வீட்டை விட்டு அவர் போகச் சொல்லவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஒரு அறை இருந்தது, இவர்களாகவே அங்கே ஒதுங்கிக்கொண்டார்கள். ஞானபூரணி அவருக்குச் சோறு கொண்டு போய் வைப்பாள். தொடாமல் அப்படியே இருக்கும். கொஞ்ச நாள் உறவுக்காரர் வீட்டில் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தார். அங்கே உப்புக் கூடுதல் போலிருக்கிறது. பிறகு இவள் வைக்கிற சோற்றையே, அது தானாக அங்கே முளைத்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தார்.

சர்வேசுரனிடம் இருந்து சின்னராஜுக்கு ஒரு சபாஷும் வரவில்லை. அடையாளம் எதுவும் இல்லை. மழையும் இல்லை. முதல் நாலைந்து நாள் அவனும் எதிர்பார்த்துத்தான் இருந்தான். பிறகு விட்டுவிட்டான். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. அது மட்டும்தான் வித்தியாசம். அழகியும் வந்து கும்பிட்டு நன்றி சொல்லவில்லை. அவள் பாதியை அவள் வாங்கினாள், அதற்கு எதற்கு நன்றி? மிளகாய் பழுத்ததும் ஒரு கடகம் கொண்டு வந்து ஞானபூரணியிடம் வைத்துவிட்டுப் போனாள். காரம் தலைக்கு ஏறுகிறது என்று ஞானபூரணி ஒரு மாதம் குறை சொல்லிக்கொண்டே அதைப் போட்டுக் குழம்பு வைத்தாள்.

பிலவேந்திரன் ஊர் சொன்ன சொல்லை மீறவில்லை. அழகி முறை வருகிற நாளில் இன்ஜினைத் தொட மாட்டார். ஆனால் அவள் ஒரு கூனை கூடுதலாக இறைத்துவிடுவாளோ என்று காலையிலேயே போய் எதிர்ப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். யாரையும் நம்பாத மனுஷன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவள் கமலைக் கயிறு அறுந்துவிட்டது. அவள் முடிச்சுப் போடத் தெரியாமல் திண்டாடினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து வந்து கயிற்றைப் பிடுங்கி முடிந்து கொடுத்தார். "வீரையா போட்ட முடிச்சு இதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். இதைச் சின்னராஜிடம் சொன்னது அழகிதான்.

நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தில் அவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். என்ன சொன்னாரோ, சொல்லவில்லையோ. அவருக்குச் சொல்லிக்கொள்ளப் பெண்சாதியும் இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை இறங்கியது. நல்ல மழை. கண்மாய் பாதி நிறைந்தது. சின்னராஜ் ஏர் கட்டினான். மண் வெண்ணெய் மாதிரி பிளந்து கொடுத்தது. காலையில் இருந்து உழுதான். சால் முடிகிற இடத்தில் மாட்டைத் திருப்புவான், அடுத்த சாலில் இறங்குவான். மாட்டோடு என்னவோ பேசிக்கொண்டே போனான். நடுவில் ஒரு செபமும் சொன்னான். வாய்க்கு வந்ததைத்தான், ஒப்பித்ததை இல்லை.

வெயில் ஏறினதும் ஞானபூரணி கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். அவன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து குடிக்கும்போது கேட்டாள்.

"மாமா வரப்புல ரொம்ப நேரமா நின்னாகளே, பாக்கலையா?"

"எப்ப?"

"இப்பத்தான் போறாக. நான் வரும்போது எதுக்க வந்தாக."

"பாக்கலையே" என்றான்.

சொன்ன பிறகு வாயில் வைத்த கலயத்தை எடுத்துவிட்டு வரப்பைத் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. எத்தனை சால் ஓட்டினோம், ஒரு தடவைகூடத் தலை அங்குட்டுத் திரும்பவில்லையே என்று அவனுக்கே அதிசயமாக இருந்தது. ஞானபூரணி எதையோ கேட்க வந்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வெங்காயத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கஞ்சி குடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வரப்பு வழியாகப் போனான். ஒரு இடத்தில் ஈர மண்ணில் இரண்டு பாதம் ஆழமாகப் பதிந்திருந்தது. அசையாமல் நின்ற ஆளுடைய பாதம். இடது காலில் பெருவிரல் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கும், அவனுக்கும் அதே கால்தான்.

மாடு அதை மிதிக்கப் போனது. கயிற்றைச் சுண்டி இழுத்து, சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனான்.